இது யாருக்கு

கடைவாய்ப் பல்லில் வேர் சிகிச்சை முடிய ஒரு மணி நேரமாவது பிடிக்கும் என்று டாக்டர் சொன்னதும் ஜுனைதாவுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் குபுக்கென்று வந்தது. பாவம் அந்த மனிதர், நாலைந்து நாளாகக் கன்னத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வெறும் கஞ்சி குடிக்கிறார், இதற்கா சந்தோஷப்படுவது என்று தன்னையே ஒரு அதட்டு அதட்டினாள். அடங்கினால்தானே. ஒரு மணி நேரத்துக்கு செய்னுலாபுதீனின் வாய் திறந்தே இருக்கும், ஆனால் ஒரு சொல் வராது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த இரண்டும் ஒன்றாக அமைந்த நாள் இன்றுதான். கண்ணாடிக் கதவு அவரை உள்ளே வாங்கிச் சாத்திக்கொண்டதும், ஏ.சி. காற்று நேராகப் படாத நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தாள், துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டாள், கைப்பைக்குள் கையை விட்டுப் போனை எடுத்தாள். மண்ணடியில் அவர்கள் குடியிருக்கும் மாடியில் இந்தப் போனைத் தொட்டாலே அவர் தலை நிமிர்ந்துவிடும். 'போன்ல இருக்கிற அந்தக் கணக்கை மூடித் தொலைன்னு சொன்னேன்ல. கணக்கே இல்லைன்னா பேச்சும் இல்லை.' சரக்கு அனுப்பும் ஆபீசில் உட்கார்ந்து உட்கார்ந்து, எதையும் கட்டி ஓரத்தில் வைத்துவிட்டால் தீர்ந்தது என்று அவருக்கு ஒரு எண்ணம். மூடினால் மூடப்படுவது யார்? நான்தான். அவள் இருப்பாளே. என் பெயரை வைத்துக்கொண்டு, என் ஊரைப் போட்டுக்கொண்டு, கண் மட்டும் தெரிகிற அந்தப் படத்திலிருந்து உலகத்தைப் பார்த்துக்கொண்டு அவள் பாட்டுக்கு இருப்பாளே.

அவள் என்று சொல்வதே தப்போ என்னவோ. ஆணோ பெண்ணோ, ஒருத்தரோ நாலு பேரோ, எந்த ஊரில் எந்த ஓட்டை அறையில் இருந்து தட்டுகிறார்களோ, யாருக்குத் தெரியும். ஆனால் ஜுனைதாவால் அதை அவள் என்றுதான் நினைக்க முடிந்தது, ஏனென்றால் அது ஜுனைதா என்று பெயர் வைத்திருந்தது. ஒரு நாள் காலையில், ஊர்ச் சனமெல்லாம் படம் போட்டுப் பேசுகிற அந்தத் தளத்தில் தன் கணக்கைத் திறந்தால் திறக்கவில்லை. நீங்கள் ஜுனைதா அல்ல, அந்தப் பெயரில் வேறொருவர் இருக்கிறார் என்று புகார் வந்திருக்கிறது என்றது. வேறொருவரா. அப்புறம் சொந்த ஊரான கீழக்கரையிலிருந்து, தங்கை முறையாகும் சபூரா போன் செய்து சொன்னபோதுதான் விளங்கியது. அந்தத் தளத்தில் ஜுனைதாவின் படம் என்று இருந்தது ஒரு மல்லிகைப்பூ, பதினோரு வருஷமாக அதே மல்லிகைப்பூ. அவளோ முக்காடு போட்ட ஒரு பெண்ணின் படத்தை வைத்திருந்தாள், கண் மட்டும் தெரிகிற படம். இயந்திரம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கும். கண் இருப்பவள் நிஜம், பூ பொய். அதன் மட்டில் அது செய்தது நியாயம்தான். எங்கள் ஊர்ப் பெண்கள் யாரும் முகத்தைத் தூக்கி அதில் போடுவதில்லை என்பது அதற்கு எப்படித் தெரியும். ரோஜாப்பூ, மினாரா, தேத்தண்ணிக் கோப்பை, யார் வீட்டுப் பிள்ளையுடையதோ பிஞ்சுக் கால், இவைதான் எங்கள் முகங்கள். அதனால்தான் எந்த இரண்டு கண்ணும் என் கண்ணாகிவிட்டது. ஊரில் ஆம்பிளைகள் யார் என் முகத்தைப் பார்த்தார்கள், இது அவளில்லை என்று சொல்ல?

அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு அவள் எழுதியதை சபூரா போனில் வாசித்துக் காட்டியபோது ஜுனைதாவுக்குக் காது மடல் சுட்டது. ஊரில் இருக்கிற ஆம்பிளைகளுக்கெல்லாம் தனித்தனியாக எழுதியிருந்தாள். உங்கள் சிரிப்பு அழகாக இருக்கிறது. ஏன் என்னோடு பேசுவதில்லை. அதில் ஒருத்தர் மைமூனின் தம்பி. மைமூன் என்றால் மகள் ஷிஃபாவுக்கு மாமியாராக வரப் போகிறவள், பையனுக்கும் பெண்ணுக்கும் பிடித்து, இரண்டு வீடும் பேசி, தேதி மட்டும் குறிக்க வேண்டிய இடத்தில் நின்ற சம்பந்தம். தம்பி போனைக் கொண்டுபோய் அக்காவிடம் காட்டியிருக்கிறான். அன்றிலிருந்து மைமூன் போனை எடுப்பதில்லை. மணி அடித்து அடித்து ஓய்கிறது. செய்னுலாபுதீன் அந்த வீட்டு ஆம்பிளையிடம் பேசினார், 'பாப்போம், பாப்போம்' என்றாராம். ஷிஃபா மருந்துக்கடையில் வேலை முடிந்து வந்து ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டுப் படுத்துவிடுகிறாள். கேட்டுவிட்டால் பரவாயில்லை. நான் சொல்கிறேன் அது நானில்லை என்று, யாரிடம் சொல்வது, எங்கே நின்று சொல்வது? ஊரும், கொழும்பும், ஹாங்காங்கும், கோலாலம்பூரும் கூடிப் பேசுகிற இடம் அந்த ஒன்றுதான், அங்கே என் வாயைப் பூட்டி அவள் வாயைத் திறந்து வைத்திருக்கிறார்கள். சபூரா சொன்னாள், 'நா நம்புறேன் ராத்தா. நா நம்பி என்ன, எழுத்துல கெடக்கே.' ஆமாம். எழுத்தில் கிடக்கிறது. எழுத்தில்தான் எடுக்க வேண்டும்.

எடுப்பதற்கு அந்தத் தளம் ஒரு வழி வைத்திருந்தது. உங்கள் நண்பர்களை உங்களுக்குத் தெரியும்தானே, அப்படியானால் இந்தப் படங்களில் இருப்பவர் யார் என்று சொல்லுங்கள். ஏழு படம் வரும். ஒவ்வொன்றிலும் ஒரு இடத்தைச் சுற்றிக் கட்டம் போட்டிருக்கும். கீழே ஆறு பெயர், எல்லாம் உங்கள் நண்பர்கள் பட்டியலில் இருந்து. தெரியாவிட்டால் இரண்டு படத்தை விட்டுவிடலாம், மீதி ஐந்தும் சரியாக இருக்க வேண்டும். கேட்டபோது ஜுனைதாவுக்குச் சிரிப்பு வந்தது, இது என்ன பெரிய காரியம், பதினோரு வருஷப் பழக்கம். முதல் தடவை முதல் படமே கடல்பாசி. கண்ணாடிக் கிண்ணத்தில் இளஞ்சிவப்பாக வெட்டிவைத்த இனிப்புக் கடல்பாசி, அதைச் சுற்றிக் கட்டம், இவர் யார்? அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள், யாராவது விளையாடுகிறார்களா என்று. பிறகு யோசித்தாள், கிண்ணம் ஹாங்காங் பல்கீஸ் வீட்டுக் கிண்ணம், ஆக்கியது பல்கீஸ். தட்டினாள். தவறு. அடுத்தது ஒரு தொட்டில். தொட்டிலில் கிடப்பது கோலாலம்பூர் மெஹருனின் பேரன். ஆனால் பேரன் பெயர் ஆறில் இல்லை, மெஹருன் பெயர் இருந்தது, தட்டினாள். தவறு. அந்தத் தடவை போனது. இரண்டாவது தடவை இன்னும் கவனமாக, படத்தைப் பெரிதாக்கி, மூலையில் தெரிந்த விரலையும் தரைக் கல்லையும் பார்த்து, எடுத்தவள் யார் ஆக்கியவள் யார் என்று கண்டுபிடித்துக் கண்டுபிடித்துச் சொன்னாள், அதுவும் போனது. இனி ஒரே தடவை. தவறினால் கணக்கு நிரந்தரமாக மூடப்படும் என்று சிவப்பு எழுத்தில் இருந்தது. தன் வீட்டுச் சனத்தையே தெரியாதவள் என்று ஒரு இயந்திரம் முடிவு கட்டுவதற்கு இன்னும் ஒரே படி. இத்தனை நாளாக அவள் அந்த மூன்றாவது தடவையைத் தொடவில்லை. இன்று தொடலாம், இன்று அவர் வாய் வேறு வேலையில் இருக்கிறது, தொடலாம் என்று பெருவிரலைக் கொண்டுபோய்க் கொண்டுபோய் அவள் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே பல் குடையும் இயந்திரம் கிர்ரென்று சுற்றும் சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி சுற்றியது. எதிர்ச் சுவர் விளம்பரத்தில் ஒரு பெண் முப்பத்திரண்டு பல்லையும் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள், அவள் படம் போட்டால் ஒரு நிமிடத்தில் கணக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். மருந்து வாடை. கிராம்புத் தைலம் போல ஒன்று, உம்மா கன்னம் வீங்கினால் பஞ்சில் நனைத்து வைக்கிற வாடை. மைமூனுக்கும் பல்வலி உண்டு, பெண் பார்க்க வந்தபோது ஓட்டுமாப் பலகாரத்தை ஒரு பக்கமாகவே மென்றாள். அன்றைக்கு எவ்வளவு சிரித்தோம். அவள் என்னை நம்பாமல் போனாளே என்று கோபமாக வந்தது, அதே மூச்சில், நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் வந்தது. மைமூன் பெயரில் யாராவது இவருக்கு அப்படி எழுதியிருந்தால்? நானும் போனை எடுத்திருக்க மாட்டேன். எடுத்திருப்பேனோ. எடுத்து நாலு கேட்டிருப்பேன். இல்லை, எடுத்திருக்க மாட்டேன், பயம், கேட்டு அது உண்மை என்று ஆகிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். அவளுக்கும் அந்தப் பயம்தானா? ஒருவேளை நட்புப் பட்டியலில் இருந்தே என்னைக் கழற்றிவிட்டிருப்பாளோ. வாசலைப் பூட்டிவிட்டு உள்ளே இருக்கிறவளின் வீட்டை எந்தப் பக்கமாகப் போய்த் தட்டுவது. இப்படி ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தபோது முன்மேசைப் பெண் தலையைத் தூக்கி, பேனாவால் இவளைக் காட்டி, 'அம்மா, நீங்க யாருக்கு வந்திருக்கீங்க?' என்றாள்.

'எங்க வீட்டுக்காரவுகளுக்கு. செய்னுலாபுதீன்' என்றாள் ஜுனைதா. அந்தப் பெண் திருப்தியாகக் குனிந்து எழுதிக்கொண்டாள். நீங்கள் யார் என்று கேட்கவில்லை. யாருக்கு வந்திருக்கிறீர்கள் என்று கேட்டாள், அது போதுமாக இருந்தது அவளுக்கு. ஜுனைதா போனைப் பார்த்தாள். யாருக்கு. கடல்பாசி யாருக்கு? நோன்பு மாசத்தில் பக்கத்து வீடுகளுக்குக் கஞ்சி அனுப்பும்போது தூக்குச்சட்டியின் மூடியில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டுவோம், அதில் ஆக்கினவள் பெயரையா எழுதுவோம்? போய்ச் சேர வேண்டிய வீட்டின் பெயரைத்தானே எழுதுவோம். அதே பழக்கம்தானே போனிலும் வந்தது. படத்தைப் போட்டு அதன் மேல் விரலை வைத்துப் பெயரைக் குத்துகிறோமே, டேக் என்கிறார்களே, அதை இவள் இதில் இருக்கிறாள் என்று எங்களில் ஒருத்தியும் குத்தவில்லை. இது இவளுக்குப் போக வேண்டியது, இவள் பார்க்க வேண்டியது என்றுதான் குத்தினோம். அந்தக் கடல்பாசியை பல்கீஸ் ஆக்கினாள், உண்மை. ஆனால் அது கொழும்பு ஆஸ்பத்திரியில் வாய் கசந்து கிடந்த ஹாஜராவுக்கு. தொட்டில் படம் மெஹருனின் பேரன், ஆனால் அந்தத் தொட்டில் கட்டை கொடுத்தது சபூரா வீடு, அவளுக்குக் காட்டத்தான் போட்டாள். அட. அட என்று அவள் வாய்விட்டே சொல்லிவிட்டாள், பக்கத்தில் இருந்த பெரியவர் திரும்பிப் பார்த்தார். இயந்திரம் முட்டாளில்லை, நானும் முட்டாளில்லை. நாங்கள் எழுதி வைத்த பெயரைத்தான் அது நம்பிக்கொண்டிருக்கிறது. பெயர் குத்தியிருந்தால் அந்த ஆள் அங்கே இருக்கிறார் என்று நினைக்கிறது, மாங்காயாக இருந்தாலும் சரி. பிஸ்மில்லாஹ் என்று பெருவிரலை வைத்தாள்.

மாங்காயே வந்தது. எவர்சில்வர் தட்டில் மூன்று மாங்காய், பக்கத்தில் உப்பும் மிளகாய்த்தூளும், நடு மாங்காயைச் சுற்றிக் கட்டம், இவர் யார்? இரண்டாவது தடவை வந்த அதே படம், அப்போது தட்டைப் பார்த்து சபூரா என்று சொல்லித் தோற்றாள். இப்போது சிரிப்பு முட்டியது. நாற்பது தாண்டி ஹாஜரா முழுகாமல் இருந்த வருஷம் அது, மூத்தவள் காலேஜ் போகிறாள், வெட்கத்தில் கொழும்பிலிருந்து யாருக்கும் சொல்லாமல் சபூராவிடம் மட்டும் சொன்னாள். சபூரா வாயைத் திறக்கவில்லை, சத்தியமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை, மூன்று மாங்காயைப் படம் எடுத்து ஹாஜராவின் பெயரைக் குத்தினாள், அவ்வளவுதான். உலகத்தின் நாலு மூலையில் இருந்தும் வாழ்த்து வந்தது. ஹாஜரா. பச்சை அடையாளம் விழுந்தது. அடுத்தது பச்சைக் கதவு, பெரிய பூட்டு, ஓரத்தில் சபூராவின் பெருவிரல். ஹாங்காங் போய் வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடக்கிற பல்கீஸ் வீட்டு வாசல். புயல் மழை அடித்த மறுநாள் தண்ணீரில் நடந்துபோய் எடுத்த படம், ஒண்ணும் ஆகலை, ஒழுங்காத் தூங்கு என்று எழுதியிருந்தாள். பல்கீஸ். பச்சை. நெஞ்சு அடித்துக்கொண்டது, ஆனால் அது பயத்தில் அடிப்பது மாதிரி இல்லை, சின்ன வயதில் பந்தயத்தில் முன்னால் ஓடும்போது அடிக்குமே அப்படி அடித்தது. பத்து வயதுக்குப் பிறகு எங்கே ஓடினோம். மூன்றாவது, ஒரு பள்ளிக்கூட மேடை, காகிதக் கிரீடம் வைத்த ஐம்பது பிள்ளைகள், ஒரு பிள்ளையின் முகத்தைச் சுற்றிக் கட்டம். வந்ததிலேயே உண்மையான மனுஷ முகம் இது ஒன்றுதான், இதுதான் அவளுக்கு யாரென்றே தெரியவில்லை. இதை யார் போட்டார்கள் யாருக்குப் போட்டார்கள். விட்டுவிட்டாள்.

நாலாவதில் மாட்டிக்கொண்டாள். ஒரு சட்டி, அடியில் கரிந்து கட்டியாகிப்போன கறிக் குழம்பு, எங்கள் ஊர்ப் பேச்சில் ஆணம். சட்டி மெஹருனுடையது, கோலாலம்பூரில் வாங்கிய பூப்போட்ட கைப்பிடி, அதில் சந்தேகமில்லை. ஆனால் கரிந்த ஆணத்தை யாருக்கு என்று சொல்வது, யாருக்காவது கரித்துக் கொடுப்பார்களா. அவள் சூத்திரம் நடு வழியில் நின்றது. ஆறு பெயரில் மெஹருனும் இருந்தாள், சபூராவும் இருந்தாள், ஹாஜராவும் இருந்தாள். மெஹருனே தன் பெயரைக் குத்திக்கொண்டாளா, நான் கெட்டேன் என்று? மெஹருன் அப்படிப்பட்டவளா? தன் மேல் குற்றம் வருகிற காரியத்தில் மெஹருன் தன் பெயரை எழுதியதாகச் சரித்திரம் உண்டா? கிடையாது. மச்சினி மேல் போடுவாள், அடுப்பின் மேல் போடுவாள், கறிக்கடைக்காரர் மேல் போடுவாள். அப்படியானால் யார் மேல். அன்றைக்கு யார் என்ன பேசினோம், ஏதோ சிரித்தோம், ஒண்ணே முக்கால் மணி நேரம் என்று ஒரு பேச்சு அடிபட்டதே, ஆமாம், போனில் ஒண்ணே முக்கால் மணி நேரம் பேசி அடுப்பை மறக்கவைத்தவளுக்குச் சேர வேண்டிய சட்டி இது. அவ்வளவு நேரம் மூச்சு விடாமல் பேசக் கூடியவள் எங்களில் ஒருத்திதான். பயந்துகொண்டே சபூராவைத் தட்டினாள். பச்சை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கறி கரிந்தாலும் அதற்கும் ஒரு சொந்தக்காரி உண்டு என்பது எந்த இயந்திரத்துக்குத் தெரியும், எந்தக் கண்ணுக்காரிக்குத் தெரியும். ஐந்தாவது ஒரு தேத்தண்ணிக் கோப்பை. கோப்பை, கோப்பை, எத்தனை கோப்பை, காலையில் எழுந்தால் யாராவது யாருக்காவது ஒரு கோப்பை போடாத நாள் இல்லை. யோசித்துப் பார்த்தாள், ஆறு பேருக்கும் பொருந்தியது, ஆறு பேரும் தேத்தண்ணி குடிப்பவர்கள். விட்டுவிட்டாள். இனி விட முடியாது. மீதி இரண்டும் சரியாக இருந்தாக வேண்டும்.

ஆறாவது படம் வந்ததும் அவள் கை நின்றது. ஷிஃபாவின் வலது கை. பெருநாளைக்கு முந்தைய சாயங்காலம் மருதாணி வைத்துக் காயவிட்ட கை, மணிக்கட்டில் ஜுனைதாவே வரைந்த பிறை கொஞ்சம் கோணல். இதைப் போட்டவளும் ஜுனைதாதான். பெயர் குத்தியவளும் அவள்தான். யாருக்கு என்று யோசிக்கவே வேண்டாம். எத்தனை நாள் தயங்கிவிட்டு அதைச் செய்தாள். ஷிஃபாவும் மைமூன் மகனும் ஒருத்தரை ஒருத்தர் பிடித்துக்கொண்டது இரண்டு தாய்மாருக்கும் தெரியும், ஆனால் யார் முதலில் வாயைத் திறப்பது? பெண் வீடு திறந்தால் ஒரு மாதிரி, மாப்பிள்ளை வீடு திறக்கவும் காணோம். அன்றைக்கு அந்தக் கையைப் படம் எடுத்து, ஒரு எழுத்தும் எழுதாமல், மைமூன் என்று பெயரைக் குத்திவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தாள். பெருநாள் முடிந்து மூன்றாம் நாள் மைமூன் ஓட்டுமாவும் தொதல் அல்வாவுமாக வாசலில் வந்து நின்றாள். பெண் கேட்டது இப்படி. இப்போது அந்தக் கை, அதைச் சுற்றி ஒரு கட்டம். ஜுனைதா பெயர்களைப் பார்க்கவில்லை, பார்க்கப் பயமாக இருந்தது. பெயர்கள் நண்பர்கள் பட்டியலில் இருந்து மட்டும்தான் வரும். மைமூன் என்னைக் கழற்றியிருந்தால் அந்தப் பெயர் அங்கே இருக்காது. இந்தக் கையே எனக்கு வராமல் இருந்திருக்கும். வந்திருக்கிறதே. வந்திருக்கிறது என்றால்? பார்வையை மெல்ல இறக்கினாள். நாலாவதாக இருந்தது, மைமூன். போனை எடுக்காதவள், மணி அடித்து ஓயவிட்டவள், இத்தனை நாளும் பட்டியலில் இருந்து என்னை எடுக்கவில்லை. எடுக்க ஒரு நிமிடம் போதும், எடுக்கவில்லை. கண் கலங்கி எழுத்து மறைந்தது, துப்பட்டியின் ஓரத்தால் துடைத்துக்கொண்டு, அந்தப் பெயரை அழுத்தி, தேவைக்கு மேலேயே அழுத்தித் தட்டினாள். பச்சை.

ஏழாவது கடல். மணலில் வெள்ளைத் துப்பட்டிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன, எல்லாருக்கும் முதுகு, ஒரு முகம் இல்லை. கட்டம் எந்த முதுகிலும் விழவில்லை. இடமிருந்து மூன்றாவது ஆளுக்கும் நாலாவது ஆளுக்கும் நடுவில் வெறும் மணலைச் சுற்றி விழுந்திருந்தது, அதற்கு அப்பால் கொஞ்சம் தண்ணீர். இவர் யார்? ஜுனைதா இப்போது தயங்கவில்லை. அந்த இடைவெளியை விட்டு உட்காரச் சொன்னவளே அவள்தான். எல்லாரும் ஊருக்கு வந்திருந்த வருஷம், மூட்டு அறுவை சிகிச்சை என்று மெஹருன் மட்டும் கோலாலம்பூரிலேயே தங்கிவிட்டாள், போனில் அழுதாள். 'நெருங்கி ஒக்காராதீக, அவ எடத்த விடுங்க' என்று அதட்டி, எடுத்து, அந்த மணலின் மேல் விரலை வைத்து அவள் பெயரைக் குத்தினாள். யாருமில்லாத இடத்தில் இருப்பவர் யார் என்று கேட்கிற இயந்திரத்துக்கு ஜுனைதா பதில் சொன்னாள். மெஹருன். திரை வெளுத்தது, ஒரு சின்ன வட்டம் சுற்றியது. சுற்றட்டும். அவளுக்குத் தெரியும். நல்வரவு ஜுனைதா என்று எழுத்து வந்தபோது அவள் ஒரு ஆள் உயரம் வளர்ந்துவிட்டாள். பதினோரு வருஷத்து மல்லிகைப்பூ இருந்த இடத்தில் இருந்தது.

அந்தப் போலிக்காரியின் பக்கம் உடனே கண்ணில் பட்டது, ஜுனைதாவின் பெயருக்குக் கீழே அந்தக் கண்கள். எல்லாரும் அவளை நண்பராகச் சேர்த்திருந்தார்கள், சபூராகூட, வேவு பார்க்கவாம். கோபமாக ஏதாவது எழுத வேண்டும் என்று வாய் வரை வந்த வசவுகளை ஜுனைதா ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பினாள். நான்தான் ஜுனைதா என்று எழுதினால் அவளும் அதையே எழுதுவாள். ஆகவே அந்தப் பக்கத்துக்குப் போய், எல்லாரும் பார்க்கும்படி, மூன்று மாங்காய்ப் படத்தைப் போட்டு ஒரே வரி எழுதினாள். இது யாருக்கு? மறுபக்கம் உடனே விழித்துக்கொண்டது, பதில் தட்டுவதைக் காட்டும் மூன்று புள்ளி துள்ளியது, பதில் வந்தது: உனக்குத்தான் செல்லம். கொழும்பிலிருந்து ஹாஜரா ஒரு நீளச் சிரிப்பைப் போட்டாள். சபூராவுக்கு விஷயம் விளங்க நேரம் ஆகவில்லை, பச்சைக் கதவைக் கொண்டுவந்து போட்டாள். இது யாருக்கு? பல்கீஸ் கடல்பாசியைப் போட்டாள். மெஹருன் கரிந்த சட்டியையே போட்டாள், இது யாருக்குன்னு சொல்லு பாப்போம், சொன்னா நீதான் ஜுனைதா. பெயரே தெரியாத மருமகள்கள், மச்சினிகள், யார் யாரோ கோப்பையும் தொட்டிலும் பணியப் பலகாரமும் தூக்குச்சட்டியுமாகக் கொண்டுவந்து கொட்டினார்கள், ஒவ்வொன்றின் அடியிலும் அதே கேள்வி. அந்தக் கண்கள் இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தன. சூப்பர் என்று ஒன்றுக்குப் பதில் வந்தது. யம்மி என்று கரிந்த ஆணத்துக்குப் பதில் வந்தபோது ஜுனைதா துப்பட்டியை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள், முன்மேசைப் பெண் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். அப்போதுதான் கடைசியாக ஒரு படம் வந்து விழுந்தது. மருதாணிக் கை. போட்டவர் மைமூன். இந்தக் கை யாருக்கு?

மூன்று புள்ளி துள்ளியது. நின்றது. மறுபடி துள்ளியது. ஜுனைதா மூச்சை விடவில்லை. உலகத்தின் எத்தனை ஊரில் எத்தனை அடுப்படியில் பெண்கள் மூச்சை விடாமல் அந்தப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்களோ. பிறகு புள்ளியும் இல்லை, கண்ணும் இல்லை, பெயரும் இல்லை, இப்படி ஒரு பக்கம் இல்லை என்று மட்டும் இருந்தது. அந்த வெற்றுத் திரையை அவள் அனுபவித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போன் கையில் அதிர்ந்தது. மைமூன். எடுத்து சலாம் சொன்னாள். அந்தப் பக்கம் சலாமுக்குப் பதில் வந்தது, மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. 'ஒங்கள்ட்டயும் அதே கேள்விதான்' என்றாள் மைமூன். 'நீங்க சொல்லுங்க. அந்தக் கை யாருக்கு?'

'ஒங்க வீட்டுக்கு' என்றாள் ஜுனைதா.